எல்லை தாண்டாத ஊறுகாய்

நாவலாசிரியன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால், கண்ணில் பட்டவர்களுடைய மனுக்களையெல்லாம் அவன் எழுதித் தரவேண்டும் என்பது நம் நாட்டில் எழுதப்படாத சட்டம். "கட்டுக்கட்டாய்க் கதை எழுதுகிறீர்கள், ஒரு கடுதாசி எழுதித் தரக்கூடாதா?" என்று கேட்பார்கள். தெரியாது என்றால் கர்வம் பிடித்தவன் என்பார்கள். கல்லூரியில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்துவிட்டுப் பட்டம் வாங்காமலே வெளியே வந்தவன் நான். சட்டத்துக்கும் எனக்கும் வெகுதூரம். ஆயினும் 2025ஆம் வருஷத்து மாம்பழப் பருவத்தில், வேப்பனப்பள்ளியில் ஓர் அம்மாளின் ஊறுகாய் வியாபாரத்துக்காக நான்கு விண்ணப்பங்களோடு மல்லுக்கு நின்றேன். மூன்றை அனுப்பினேன். நான்காவதைப் பாதியில் மூடினேன். அந்த நான்காவது விண்ணப்பத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் பாதியில் நிற்கும் நாவலை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கு அப்பால் தமிழ்நாடு முடிந்துபோகிற இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் ஜில்லா. மறு பக்கம் ஆந்திரத்தின் குப்பம். வீட்டுக்குள்ளே தெலுங்கு, சந்தையிலே கன்னடம், பள்ளிக்கூடத்திலே தமிழ், கோபம் வந்தால் மூன்றும் கலந்தது என்று பேசுகிற ஜனங்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் நடக்கும். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் போட்ட கோடுகள்தாம் நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965ல் தருமபுரி ஜில்லாவுக்குப் போயிற்று. 2004ல் கிருஷ்ணகிரி ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிகிறவரை குப்பமும் வேப்பனப்பள்ளியும் ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்தவை. காட்டு யானைகள் இன்றைக்கும் இந்தக் கோடுகளைச் சட்டை செய்வதில்லை. கூட்டமாக இறங்கி ஒரு ராஜ்யத்து ராகியைத் தின்றுவிட்டு இன்னொரு ராஜ்யத்துக் காட்டில் போய் நிற்கின்றன. அவற்றிடம் யாரும் பதிவு எண் கேட்பதில்லை.

என் தமக்கையை அந்த ஊரில் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்தான் நான் சொல்லும் அம்மாள். நான் 'அக்கா' என்பேன். அவர் 'தம்பி' என்பார். பிறந்த வீடு கோலார்ப் பக்கத்துக் கிராமம். புருஷன் காலமாகிப் பல வருஷங்களாயின. ஒரே பையன் ஓசூரில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் பதினெட்டு மாமரங்கள், எல்லாம் பெங்களூரா. தோத்தாபுரி என்றும், கிளிமூக்கு என்றும் சொல்வார்களே, அதுதான். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் போகும் மாங்காய் அது. அந்த ஆலைகள் மூக்கைச் சுளித்தால் மரத்துக்குச் சொந்தக்காரர்கள் கதி அதோகதி.

2025ல் அப்படித்தான் ஆயிற்று. விளைச்சல் அபாரம், விலை பாதாளம். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலை. சரி, பக்கத்திலிருக்கும் சித்தூர்ச் சீமை ஆலைகளுக்காவது அனுப்பலாம் என்றால், அந்த ஜூன் மாதத்தில் சித்தூர் ஜில்லா நிர்வாகம், வெளி ராஜ்யத்துத் தோத்தாபுரி தன் எல்லைக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்கு அதை விலக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். பத்திரிகையில் எல்லாரும் படித்த சங்கதி. தங்கள் ஊர் விவசாயியைக் காப்பாற்ற அவர்கள் செய்தார்கள்; அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மாங்காய்க்கு அன்னிய தேசத்துப் பிரஜை மாதிரி எல்லையில் தடை விழுந்ததே, அதை மறந்துவிடாமல் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. மாங்காயை வெட்டினார். உப்பில் ஊறவைத்தார். மிளகாயும் கடுகும் வெந்தயமும் இடித்தார். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினார். அவர் கைப்பக்குவத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் கட்டுரை திசை மாறிவிடும். எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தும் இரண்டாவது முறை போட்டுக்கொண்டேன் என்பதோடு விடுகிறேன். முதல் இருபது பாட்டில்கள் தெருவிலேயே விற்றுப்போயின. "தம்பி, இதை முறைப்படி செய்யணும். நாளைக்கு யாரும் வந்து கேள்வி கேட்கக்கூடாது. நீங்க படிச்சவங்க, எழுதிக் குடுங்க" என்றார். முறைப்படி செய்ய வேண்டும் என்று அவராகத்தான் சொன்னார். வரி கட்டாமல் ஏய்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் அவர். இது முக்கியம்.

முதல் விண்ணப்பம் உத்யம். சிறு தொழில்களைப் பதிவு செய்வதற்காக 2020 ஜூலை 1 முதல் மத்திய சர்க்கார் நடத்தும் ஏற்பாடு. நியாயமாகப் பேசுவோம்: இது நல்ல ஏற்பாடு. கட்டணமில்லை. காகிதம் எதையும் இணைக்க வேண்டியதில்லை. ஆதார் எண்ணைக் கொடுத்து, நம் தொழிலைப் பற்றி நாமே உறுதிமொழி சொன்னால் போதும். இந்த இலவசத்தை எனக்குத் தெரியாமல் அக்கா ஏற்கெனவே வெளியூரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு பையனிடம் 1,500 ரூபாய் கொடுத்து வாங்க முயன்றிருந்தார். பணம் போயிற்று, பதிவு வரவில்லை. சர்க்கார் முகப்பைப் போலவே முகப்பு வைத்துக்கொண்டு பணம் பறிக்கும் கூட்டம் இந்தத் துறையில் ஏராளம். அமைச்சகமே எச்சரிக்கை போட்டிருக்கிறது. இலவசமான ஒன்றைக்கூட ஏழைகள் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. காரணம், அது இலவசம் என்கிற செய்தி அவர்களுக்குப் புரிகிற பாஷையில் அவர்கள் தெருவுக்கு வருவதேயில்லை.

அந்த விண்ணப்பத்தில் என்னை மடக்கியது ஒரே ஒரு கேள்வி. நாட்டிலுள்ள தொழில்களுக்கெல்லாம் ஐந்து இலக்க எண் ஒன்று கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் நம் தொழில் எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இயந்திரத் திருத்தமும் தோல் பதனிடுதலும் தாண்டி ஊறுகாயை எட்டிப்பிடிக்க எனக்கு அரை மணி ஆயிற்று. "இவ்வளவு தொழில் இருக்குதா நாட்டிலே? அப்புறம் ஏன் எம்புள்ளைக்கு நிரந்தரமா ஒண்ணு கிடைக்கலே?" என்று அக்கா கேட்டார். என்னிடம் பதிலில்லை.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு. 2006ஆம் வருஷத்துச் சட்டம். 2011ஆம் வருஷத்து விதிகள். வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும் என்று அந்த விதிகள் வகுத்தன. கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். இதிலும் எனக்கு மனஸ்தாபமில்லை. மிளகாய்ப் பொடியில் சாயம் கலந்து, எண்ணெயில் எதையெதையோ கலந்து, ஊரார் வயிற்றில் விளையாடுகிறவர்கள் இருக்கும் நாட்டில், தின்னும் பொருளைச் செய்கிறவன் எங்கே இருக்கிறான் என்று சர்க்காருக்குத் தெரிந்திருப்பது நியாயமே.

ஆனால் நடந்தது என்ன? புகைப்படம் கேட்டார்கள், கொடுத்தோம். அடையாளம் கேட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. அக்காவின் பெயர் ரேஷன் கார்டில் தமிழ் உச்சரிப்பில் இருக்கிறது. ஆதாரில் கன்னட உச்சரிப்பில் இருக்கிறது. பான் அட்டையில் முன்னெழுத்து விரிந்து புருஷன் பெயரும் சேர்ந்து மூன்றாவது ஆசாமியாக இருக்கிறது. மின்சாரக் கட்டண அட்டையோ என்றைக்கோ செத்துப்போன மாமனார் பெயரில். இந்த நான்கு பேரும் ஒரே குடும்பம், இவர்களில் மூன்று பேர் ஒரே மனுஷி என்று நிரூபிக்க இரண்டு வாரம் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் என்னை "நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். "பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி" என்றேன். "அப்படியானால் வெளியே நில்லுங்கள்" என்றார்கள். நியாயம்தான், நின்றேன்.

கடைசியில் பதினாலு இலக்கப் பதிவு எண் வந்தது. அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினார். அதுவரை நடந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். ஐயா, அந்த எண் வருகிறவரை ஒரு மனிதர்கூட அந்த ஊறுகாயைப் பார்க்கவில்லை. யாரும் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. மாங்காயைக் கழுவுகிறார்களா என்று விசாரிக்கவில்லை. அக்காவின் பெயரை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெயரா கெட்டுப்போகும்? ஊறுகாயல்லவா கெட்டுப்போகும்! ஓர் அதிகாரி திடீரென்று ஒருநாள் வந்து ஜாடியைத் திறந்து பார்க்கட்டும்; பூசணம் பூத்திருந்தால் கொட்டச் சொல்லட்டும்; அபராதம் போடட்டும். அக்கா அதை வரவேற்பார். வந்தவருக்குச் சாப்பாடும் போடுவார். ஆட்களும் நேரமும் அங்கே செலவாக வேண்டும். இங்கே எழுத்துப் பிழை பார்ப்பதில் செலவாகிறது.

அந்த 2011ஆம் வருஷத்து விதிகளில் ஓர் அருமையான ஷரத்து இருக்கிறது. சிறு உணவுத் தொழிலுக்கு விண்ணப்பித்து ஏழு நாளுக்குள் பதிவோ மறுப்போ சோதனை உத்தரவோ வராவிட்டாலும், முப்பது நாளுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டாலும், அவர் தொழிலை ஆரம்பித்துவிடலாம். அதாவது சர்க்காரின் மௌனம் சம்மதமாகிவிடும். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு கண்ணியமாக எழுதத் தெரிந்த சர்க்காரா இது என்று நினைத்தேன். நான் விசாரித்த ஊறுகாய்க்காரர், முறுக்குக்காரர், இட்லி மாவு அரைப்பவர் பத்துப் பேரில் ஒருவருக்கும் அந்த ஷரத்து தெரியவில்லை.

மூன்றாவது, பாட்டிலில் அடைத்து விற்பவர்களுக்கான எடையளவுப் பதிவு. அடைத்து விற்க ஆரம்பித்த தொண்ணூறு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பாட்டிலின்மேல் பெயர், விலாசம், நிகர எடை, விலை, மாதம் எல்லாம் அச்சிட வேண்டும். வாங்குகிறவர்களுக்கு உபயோகமான விஷயம். எழுதி அனுப்பினேன். இதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவதற்கு வருகிறேன்.

அக்காவின் பிறந்த ஊரில் அவர் தம்பி மகன் மளிகைக் கடை வைத்திருக்கிறான். கோலார் ஜில்லா. வேப்பனப்பள்ளியிலிருந்து காலையில் சைக்கிளில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். "அத்தை, மாதம் ஐம்பது பாட்டில் அனுப்பு, விற்றுத் தருகிறேன்" என்று அவன் சொன்னான். அக்காவின் கண்ணில் அன்றைக்கு ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். காசுக்காக மட்டும் வந்ததன்று அது. தன் கையால் செய்த பொருள், தான் பிறந்த தெருவில் தன் பெயரோடு விற்கப்போகிறது! எழுத்தாளனுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று சரக்கு சேவை வரிச் சட்டத்தைப் புரட்டினேன். 2017 ஜூலை 1ஆம் தேதி, 'ஒரே தேசம், ஒரே வரி, ஒரே சந்தை' என்ற முழக்கத்தோடு வந்த சட்டம். ராஜ்ய எல்லைகளில் நின்றிருந்த வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். ஓசூர் வழியாக லாரி ஓட்டியவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். இரவெல்லாம் வரிசையில் நின்ற கதை சொல்வார்கள். சிறு வியாபாரிக்கு இந்தச் சட்டத்தில் விலக்கும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை சரக்கு விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அக்கா நாற்பது லட்சத்தைப் பார்க்க இன்னும் நாலு ஜன்மம் எடுக்க வேண்டும். நிம்மதியாக மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சை உடனே உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குச் சரக்கு விற்பவர், வியாபாரம் எவ்வளவு சிறியதானாலும், பதிவு செய்தே தீர வேண்டும் என்கிறது. நாற்பது லட்சம் என்ற விலக்கு அவருக்கு இல்லை. முதல் பாட்டிலுக்கே பதிவு. ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு. தவறினால் அபராதம் 10,000 ரூபாயிலிருந்து ஆரம்பம்.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். வேப்பனப்பள்ளியிலிருந்து கன்னியாகுமரி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே அக்கா தன் ஊறுகாயை ஒரு பதிவுமில்லாமல் அனுப்பி விற்கலாம். கண்ணுக்குத் தெரிகிற மேட்டுக்கு அந்தப் பக்கம், தான் பிறந்த ஊரில் விற்க முடியாது. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் சிறு வியாபாரிக்கு இந்த 24ஆவது பிரிவு என்ற ஒன்று இருப்பதே தெரியாது; அவர்களுடைய சந்தை நாலு திசையிலும் தமிழ்நாடுதான். வேப்பனப்பள்ளிக்காரருக்கு ஒரு திசைதான் தமிழ்நாடு. மற்றத் திசைகளில் அவருடைய மாமியார் வீடு, சம்பந்தி வீடு, சந்தை, எல்லாம் இருக்கின்றன. ஆனால் நாற்பது லட்ச விலக்கு மட்டும் இல்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார்கள். ஒரே அளவில் சட்டை தைத்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, குண்டாக இருப்பது உன் குற்றம் என்று சொல்கிற நியாயம் இது.

பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே, அதிலென்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் உண்டு. பதிவுக்குக் கட்டணமில்லை, 2025 நவம்பர் முதல் மூன்று வேலை நாளில் பதிவு கொடுக்கும் எளிய முறையும் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். உள்ளே நுழைவது சுலபம்தான். நுழைந்தபின் இருக்கும் வாழ்க்கையல்லவா கேள்வி? விற்றாலும் விற்காவிட்டாலும் கணக்கு அனுப்ப வேண்டும். மாங்காய் இல்லாத மாதங்களில் 'ஒன்றும் விற்கவில்லை' என்பதையும் முறைப்படி அறிவிக்க வேண்டும். மறந்தால் அந்தப் பூஜ்யத்துக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். இதையெல்லாம் அக்கா தாமாகச் செய்ய முடியாது. கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு மாதாமாதம் படியளக்க வேண்டும். இன்னொன்று: பதிவு செய்துகொண்டால் கோலாருக்குப் போகிற பாட்டிலுக்கு மட்டுமன்று, தெருவில் விற்கிற பாட்டிலுக்கும் வரி. சிறு வியாபாரிகளுக்கென்று கணக்கைச் சுருக்கி ஒரு தொகுப்புத் திட்டம் இருக்கிறதே என்று அதையும் பார்த்தேன். அதில் சேருகிறவர் வெளி ராஜ்யத்துக்குச் சரக்கு விற்கக்கூடாது என்று அங்கேயும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

வரியறிந்த நண்பர் ஒருவர் எனக்குப் பாடம் சொன்னார்: "சரக்கு எந்த ராஜ்யத்தில் போய்ச் சேருகிறதோ அந்த ராஜ்யத்துக்கு வரி போக வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும். கணக்குக்குப் பதிவு வேண்டும். இதில் கருணைக்கு இடமில்லை." தர்க்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தர்க்கத்தைச் சர்க்காரே பல தடவை வளைத்திருக்கிறதே! சேவைத் தொழில் செய்பவர் 20 லட்சம் ரூபாய் வரை ராஜ்ய எல்லை தாண்டிச் சேவை செய்தாலும் பதிவு வேண்டாம் என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது. வேப்பனப்பள்ளியில் உட்கார்ந்து கோலாரில் உள்ளவருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாம், ஊறுகாய் கொடுக்கக்கூடாது. கைவினைப் பொருள் செய்பவர்களுக்கும் ஒரு பட்டியல் போட்டு, எல்லை தாண்டி விற்க விலக்குக் கொடுத்தார்கள். மண் பொம்மைக்கு இரங்கிய மனம் மாங்காய்க்கு இரங்கவில்லை. 2023 அக்டோபரில் இணைய வியாபாரத் தளங்களின் மூலம் சிறு வியாபாரிகள் பதிவில்லாமல் விற்கலாம் என்று மிகுந்த ஆரவாரத்தோடு அனுமதித்தார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? தன் ராஜ்யத்துக்குள் மட்டும்தான். உலகத்தையே ஒரு கிராமமாக்கும் கருவி என்கிறார்கள் அந்த இணையத்தை. வேப்பனப்பள்ளிக்கு வந்ததும் அதற்கும் வேலி.

ஆகவே, முடியாது என்பதல்ல விஷயம். யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். சேவைத் தொழிலுக்குச் சங்கம் இருக்கிறது, கேட்டது. கைவினைக்குக் கௌரவம் இருக்கிறது, கிடைத்தது. எல்லையோரத்து ஊறுகாய்க்காரிக்காக டில்லியில் கதவைத் தட்டுகிறவர் யார்?

இதே ஜில்லாவில், ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில், 1878ல் ராஜாஜி பிறந்தார். சுதந்திர இந்தியாவில் தொழில் செய்ய நினைப்பவன் ஒவ்வொரு அடிக்கும் சர்க்காரிடம் சீட்டு வாங்க வேண்டியிருப்பதைக் கண்டு, 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று பெயர் வைத்து எதிர்த்தவர். 1952ல் முதன்மந்திரியாக வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்; 1959ல் அதற்கென்றே ஒரு கட்சியும் கண்டார். அவரோடு எனக்குப் பல விஷயங்களில் உடன்பாடில்லை. 1953ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை இன்றைக்கும் என்னால் ஒப்ப முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் கிழவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்குத்தான் சீட்டின் கனம் தெரியும் போலும்.

1951ஆம் வருஷத்துத் தொழில்கள் சட்டத்தின் லைசென்ஸ் ஆட்சி 1991 ஜூலை 24ஆம் தேதி முடிந்தது என்று சரித்திரப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். யாருக்கு முடிந்தது? பெரிய ஆலைகளுக்கு முடிந்தது. பதினெட்டுத் தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அன்றைக்கு அறிவித்தார்கள். எங்கள் ஜில்லாவிலேயே பாருங்கள்: போச்சம்பள்ளிப் பக்கத்தில் மின்சார ஸ்கூட்டர் ஆலைக்கு 2020 டிசம்பரில் சர்க்காரோடு ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்த டிசம்பரில் வண்டி வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டது. நல்லது, நாலு பேருக்கு வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷமே. தொழில் வசதிக்கென்று 2018ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றி, ஒற்றைச் சாளரம் என்று பெயர் வைத்தார்கள். அக்காவுக்கும் அந்தச் சாளரம் திறந்துதான் இருக்கிறது. ஆனால் சாளரத்துக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே உயரமில்லையே! பெரியவருக்கு வாசற்படி ஏறி இறங்கத் தனியாக ஓர் இலாகாவே உண்டு. அக்காவுக்கு நான் இருக்கிறேன்.

ஊறுகாய்க்கு ஒரு காலத்தில் தனி மரியாதை இருந்தது என்பது இந்த அலைச்சலில்தான் எனக்குத் தெரிய வந்தது. பெரிய முதலாளிகள் தொடக்கூடாது, சிறு தொழில்கள் மட்டுமே செய்யலாம் என்று சில பொருள்களை ஒதுக்கி வைக்கும் வழக்கம் 1967ல் ஆரம்பமாயிற்று. எண்ணூறுக்கு மேல் வளர்ந்த அந்தப் பட்டியலைப் பிற்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தார்கள். கடைசியாக மிஞ்சிய 20 பொருள்களில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி, கண்ணாடி வளையல் இவற்றோடு ஊறுகாயும் சட்னியும் இருந்தன. 2015 ஏப்ரலில் அவற்றையும் விடுவித்தார்கள். அந்த ஒதுக்கீடு நல்லதா கெட்டதா என்று பொருளாதார நிபுணர்கள் சண்டை போடட்டும். அதனால் சிறியவர்கள் வளராமலே நின்றுவிட்டார்கள் என்று சொல்பவர்களிடமும் நியாயமிருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெரிய கம்பெனி ஊறுகாய் செய்யக்கூடாது என்றிருந்த வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். அக்கா எல்லை தாண்டக்கூடாது என்ற வேலியை இரண்டு வருஷம் கழித்து வந்த சட்டத்தில் நட்டு வைத்தார்கள். இன்றைக்குக் கோலார்ப் பக்கத்து அந்த மளிகைக் கடையில், நாட்டின் எந்த மூலையிலோ செய்த கம்பெனி ஊறுகாய் வரிசையாக அடுக்கியிருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன். ஒரு பாட்டில் வாங்கினேன். அதைப்பற்றி எழுதினால் வழக்குப் போடுவார்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சியன்று. சேவைத் தொழிலுக்குக் கொடுத்த விலக்கைச் சரக்குக்கும் கொடுக்கட்டும். நாற்பது லட்சம் வேண்டாம். இருபது லட்சம் போதும். அதுவும் நாடு முழுவதும் முடியாதென்றால், எல்லைத் தாலுகாக்களில் இருப்பவர்கள் அடுத்த ராஜ்யத்து எல்லைத் தாலுகாவில் விற்கும்வரையாவது விடட்டும். ஓசூர், வேப்பனப்பள்ளி மட்டுமல்ல. செங்கோட்டை, கூடலூர், திருத்தணி, குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே உள்ள ஊர்கள், எல்லாவற்றுக்கும் இதே வயிற்றெரிச்சல் இருக்கும். சரக்கு சேவை வரிக் கவுன்சிலில் எல்லா ராஜ்யத்து மந்திரிகளும் கூடுகிறார்கள். நம் மந்திரி இதைக் கேட்டு, பக்கத்து நாற்காலியில் இருக்கும் கர்நாடக மந்திரியும் தலையசைத்தால் ஆரம்பம் ஆகிவிடும். இன்னொன்றும் கேட்கிறேன். உணவுப் பதிவு விதிகளில் இருக்கிற அந்த முப்பது நாள் ஷரத்தை, கொட்டை எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் அச்சடித்து, சிறு தொழில் விண்ணப்பம் வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒட்டட்டும். சிறு தொழில் செய்கிறவர் சர்க்காருக்குத் தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர். யாசகம் கேட்க வந்தவரல்லர் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அப்போது ஞாபகம் வரும்.

நான்காவது விண்ணப்பத்தில், 'பதிவு கேட்பதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் வந்தது. அக்காவிடம் விஷயத்தை விளக்கினேன். வரி, கணக்கு, மாதக் கூலி, அபராதம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்க அம்மா வூட்டுக்குச் சும்மா குடுத்தனுப்பினா?" என்றார்.

"சும்மா கொடுத்தால் கேள்வியில்லை அக்கா. காசு வாங்கினால்தான்."

"அவங்களே இங்க வந்து காசு குடுத்து வாங்கிட்டுப் போனா?"

சட்டத்தை மறுபடியும் புரட்டினேன். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர் கடைக்கு நேரில் வந்து, பில்லில் வெளி ராஜ்யத்து விலாசம் எழுதாமல் வாங்கிச் சென்றால், அது விற்கிறவருடைய ராஜ்யத்து வியாபாரமாகவே கொள்ளப்படும். 2023ல் அப்படித் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஜாடி அக்காவின் கையில் எல்லை தாண்டினால் குற்றம்; வாங்கியவர் கையில் தாண்டினால் சரி. விண்ணப்பத்தை மூடிவிட்டேன். மருமகன் கடைக்கு ஐம்பது பாட்டில் போகவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோலார்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, ஒன்றும் இரண்டுமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். யார் வந்தாலும் எந்த ஊர், யார் வீடு என்று விசாரிப்பது அக்காவின் பழக்கம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாரிக்கிறார், உறவு கண்டுபிடிக்கிறார், இரண்டு பேர் கண் கலங்கவும் செய்கிறார்கள். பில் போடும்போது மட்டும் விலாசத்துக்கான இடத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்.